ஜானிக்கு எந்த ஊர்?

பழைய பட்டாளப் பாட்டு ஒன்றின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்க முடியுமா, ஐயா? (நூலகர், தஞ்சாவூர்)

முடியும். கண்ணை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்டால் முடியாது. கண்ணைத் திறந்து காகிதத்தைப் பார்க்க வேண்டும். 'ஜானி, ஐ ஹார்ட்லி ந்யூ யே' என்று அயர்லாந்துப் பாட்டு ஒன்று இருக்கிறது. ஊர் தப்பு, வயசு தப்பு, ஜாதகமே தப்பு என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்த வாரக் கச்சேரி முழுக்க ஜானிதான்.

கதையை முதலில் சொல்லுங்கள் சார். பிறகு ஜாதகம் பார்க்கலாம். (கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

அயர்லாந்தில் கில்டேர் மாவட்டம். அங்கே பாரோ ஆற்றங்கரையில் அதாய் என்ற ஊர். அந்த ஊருக்குப் போகிற சாலையில் ஒரு பெண்ணின் கண்ணில் படுகிறான் ஜானி. அவளுக்குக் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் பட்டாளத்துக்கு ஓடிப்போன மகராசன். இப்போது கண் இல்லை, கால் இல்லை, கையும் இல்லை. உறுப்பு உறுப்பாக விசாரித்து வெளுத்து வாங்குகிறாள். இனி உனக்குத் திருவோடுதான் என்று தீர்ப்பும் சொல்கிறாள். சொல்லிவிட்டு, அவனையே சேர்த்துக்கொள்கிறாள். திட்டுகிற வாய்தான் கஞ்சியும் ஊற்றும்.

அவன் கை காலை இழந்தது இலங்கையில் என்கிறார்களே, நிஜமா? (தபால் ஊழியர், மட்டக்களப்பு)

பாட்டில் அப்படித்தான் இருக்கிறது. அவன் போரிட்ட தீவின் பேர் 'சல்லூன்'. ஐரிஷ் நாக்கில் உருண்ட சிலோன்.

ஆங்கிலேயர் 1795, 96-ல் டச்சுக்காரர்களிடமிருந்து கரையோரத்தைப் பிடித்தார்கள். 1803-ல் மலையேறிக் கண்டிக்குள் புகுந்தார்கள். ஊர் காலியாகக் கிடந்தது. வெற்றி என்று நினைத்தார்கள். காய்ச்சல் பாதிப் பேரைப் படுக்கவைத்தது. ஜூனில் மேஜர் டேவியின் படை சரணடைந்தது, பெரும்பாலானோர் கொல்லப்பட்டார்கள். பிடிக்க வந்த கோட்டையே பொறி ஆனது.

அந்தப் போருக்கும் எங்கள் வேலூருக்கும் ஏதோ தொடர்பு என்று தாத்தா சொல்வார். (தோல் தொழிற்சாலை ஊழியர், வேலூர்)

தாத்தா சொன்னது சரி. 1815-ல் ஆங்கிலேயர் மறுபடி வந்து கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பிடித்தார்கள். நாயக்கர் வம்சத்தவர், இயற்பெயர் கண்ணுசாமி. உங்கள் வேலூர்க் கோட்டையில்தான் சிறைவைத்தார்கள். 1832-ல் அங்கேயே காலமானார். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவர் சமாதி இருக்கிறது. ஜானி கற்பனை, அரசர் நிஜம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கண்டிப் போர் பாட்டில் வருகிறது என்றால், பாட்டும் அந்தக் காலத்தில் எழுதியதுதானே? (வரலாற்று ஆசிரியர், மதுரை)

'பொன்னியின் செல்வன்' ராஜராஜன் காலத்தில் எழுதியதா? கல்கி எழுதியது 1950-ல் ஆரம்பித்து. கதை நடக்கிற காலம் வேறு, கதை பிறந்த காலம் வேறு. ஜானி விஷயத்தில் இந்த இரண்டையும் குழப்பித்தான், 1800-களின் தொடக்கத்து ஐரிஷ் மக்கள் பாட்டு என்று புத்தகத்துக்குப் புத்தகம் அச்சடித்தார்கள். முதல் ஆள் ஊகித்தார். இரண்டாம் ஆள் அவரை மேற்கோள் காட்டினார். மூன்றாம் ஆளுக்கு அது வரலாறு ஆகிவிட்டது.

சஸ்பென்ஸ் போதும். எழுதியது யார்? (ஆட்டோ ஓட்டுநர், சேலம்)

ஜோசப் கெய்கன். 1867, லண்டன் அச்சு. மேடையில் பாடிப் பிரபலமாக்கியவர் ஹாரி லிஸ்டன் என்ற நகைச்சுவைப் பாடகர். மீட்டர் போடாமலே வந்துசேர்ந்துவிட்டோம்.

கெய்கன் பட்டாளத்துக்காரரா? (முன்னாள் ஹவில்தார், கம்பம்)

இல்லை. இங்கிலாந்தின் லங்காஷயர் பக்கத்துக்காரர். போல்டன் நகரில் மியூசிக் ஹால் மேனேஜர். மியூசிக் ஹால் என்றால் பாதி சாராயக்கடை, பாதி நாடகக் கொட்டகை. ஆலைத் தொழிலாளி கையில் பீரோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற இடம். 'டவுன் இன் எ கோல் மைன்' என்ற சுரங்கத் தொழிலாளிப் பாட்டும் இவருடையதுதான். அதையும் வெகுகாலம் சுரங்கத்துக்குள்ளேயே பிறந்த நாட்டுப்பாட்டு மாதிரி பாடிக்கொண்டிருந்தார்கள். இந்த மனுஷன் எழுதினால் அடுத்த தலைமுறைக்குள் ஊர்ச் சொத்து ஆகிவிடும். ஒரு பாட்டுக்காரனுக்கு இதைவிடப் பெரிய விருது எனக்குத் தெரியாது. அதற்காக அவர் பேரை விழுங்கிவிடலாம் என்று அர்த்தமில்லை.

மியூசிக் ஹால் என்கிறீர்கள், நகைச்சுவைப் பாடகர் என்கிறீர்கள். அப்படியானால் இது சிரிப்புப் பாட்டா? கை கால் போனவனை வைத்தா? (செவிலியர், நாகர்கோவில்)

ஆமாம், சிரிக்க எழுதியதுதான். உங்களுக்கு வரும் கோபம் எனக்கும் வந்தது. ஆனால் 1867-ல் அந்தக் கொட்டகையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பாருங்கள். கிரீமியப் போர் முடிந்து பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது. 1857-ல் இந்தியாவில் நடந்தது அதற்கும் பிந்தியது. கட்டைக்காலோடு திரும்பிய சிப்பாய் அவர்கள் தெருமுனையில் தட்டேந்தி நின்றான். அவன் யாரோ ஒருவரின் அண்ணன்.

அரசாங்கம் கைவிட்டவனைப் பற்றி மேடையில் ஒரு பெண் உரக்கப் பேசுகிறாள். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் குரூரம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவனைப் பேரேட்டிலிருந்து அடித்துவிட்ட ராணுவ அலுவலகத்தை விட, அவனைப் பாட்டில் வைத்த கெய்கன் எனக்கு ஒரு படி மேல்.

போர் எதிர்ப்புப் பாட்டு என்றுதான் நான் படித்தேன். பீரங்கியை மறுபடி இழுத்து வருகிறார்கள், இனிப் பிள்ளைகளைக் கொடுக்க மாட்டோம் என்று கடைசியில் வருமே? (சட்டக் கல்லூரி மாணவர், கோவை)

வருகிறது. ஆனால் கெய்கன் அச்சில் அது இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் சேர்ந்த சரணம். இரண்டு உலகப் போரைப் பார்த்தவர்கள் ஜானியைப் பார்த்துச் சிரிக்க மறுத்தார்கள். வேகத்தைக் குறைத்தார்கள், தொண்டையை இறக்கினார்கள், கடைசியில் ஒரு சரணத்தைத் தைத்தார்கள். அவ்வளவில் சிரிப்புப் பாட்டு ஒப்பாரி ஆனது, ஒப்பாரி கோஷம் ஆனது. 1960-களில் கிளான்சி சகோதரர்களும் டாமி மேக்கமும் மேடை மேடையாகக் கொண்டுபோன ஜானி, லிஸ்டன் பாடிய ஜானி இல்லை. தைத்த கை யாருடையதோ, நல்ல கை.

இதையெல்லாம் துப்பறிந்த ஷெர்லாக் ஹோம்ஸ் யார்? (வங்கி ஊழியர், ஈரோடு)

ஜொனதன் லைட்டர். அமெரிக்கர். அமெரிக்கக் கொச்சைச் சொற்களுக்கு வரலாற்று அகராதி தொகுத்தவர். ஒரு வசவுச் சொல் முதன்முதலில் எந்த வருஷம் அச்சேறியது என்று வாழ்நாளெல்லாம் தேடியவர். அதே பழக்கத்தில் ஜானியையும் தேடி, 2012-ல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். கெட்ட வார்த்தை தேடிய பழக்கம் நல்ல பாட்டுக்கு உதவியது.

1867-க்கு முன் அச்சில் இல்லை என்பதால் பாட்டே இல்லை என்று ஆகிவிடுமா? வாய்மொழியாக இருந்திருக்கலாமே! (தமிழாசிரியை, கும்பகோணம்)

சபாஷ், சரியான கிடுக்கிப்பிடி. அச்சுத் தேதி பாட்டின் பிறந்தநாள் இல்லைதான். அன்றைக்குப் பாட்டு உயிரோடு இருந்தது என்பதற்கான சாட்சி, அவ்வளவே. ஆனால் ஜானி வழக்கில் மூன்று சாட்சிகள் ஒன்றாக வந்து நிற்கின்றன.

ஒன்று, தாளில் ஆசிரியர் பேரே இருக்கிறது. இரண்டு, ஐரிஷ் மக்கள் பாட்டு என்றால் அதற்கு முன் ஒரு பென்னி துண்டுத்தாளிலாவது வந்திருக்க வேண்டும், வரவில்லை. நம்மூர் குஜிலிப் பிரசுரம் மாதிரி, தூக்குத்தண்டனையோ கப்பல் விபத்தோ எது நடந்தாலும் மறுநாள் தெருவில் பாட்டு விற்றவர்கள் அந்தத் துண்டுத்தாள்காரர்கள். மூன்றாவது, பாட்டின் நடை. ஐரிஷ் வேஷம் கட்டி மேடையில் பாடுகிறவனுக்காக எழுதிய அந்தக் கால மியூசிக் ஹால் வார்ப்பு அதில் அப்படியே இருக்கிறது.

நாளைக்கே 1810 தேதியிட்ட ஒரு தாள் அகப்பட்டால் தீர்ப்பைத் திருத்தி எழுதலாம். அதுவரை கெய்கன் பட்டாதாரர்.

அந்தத் துண்டுத்தாள்களை எங்கே போய்ப் பார்ப்பது? (ஆய்வு மாணவர், புதுச்சேரி)

ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் ஏறக்குறைய 30,000 இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். எந்தப் பாட்டு எந்தத் தொகுப்பில், யார் வாயிலிருந்து, எந்த ஊரில் என்று தெரிய ரவுட் அட்டவணை இருக்கிறது. தொகுத்தவர் ஸ்டீவ் ரவுட், லண்டன் குரோய்டன் பகுதியில் வேலை பார்த்த நூலகர். 1970 வாக்கில் அட்டைகளில் குறித்து வைக்க ஆரம்பித்தது, இன்றைக்கு ஏறக்குறைய 25,000 பாட்டுகளுக்கு எண் கொடுத்திருக்கிறது. முதல் கேள்வி கேட்ட தஞ்சாவூர் நூலகர் கவனிக்க: உங்கள் தொழில்காரர்.

மெட்டு அமெரிக்கப் பாட்டு மாதிரி இருக்கிறதே. யார் யாரைக் காப்பி அடித்தது? (மேடைக் கச்சேரி கீபோர்டுக்காரர், திருச்சி)

காது சுத்தம். 'வென் ஜானி கம்ஸ் மார்ச்சிங் ஹோம்' மெட்டுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவில், 1863 செப்டம்பர் 26-ல் காப்புரிமைக்குக் கொடுத்த பாட்டு. கெய்கன் பாட்டு வந்தது நான்கு வருஷம் கழித்து, அதுவும் வேறு மெட்டோடு. இரண்டும் பிற்பாடுதான் கல்யாணம் செய்துகொண்டன. ஐரிஷ் சோகப் பாட்டைத் திருடி அமெரிக்கர்கள் குதூகலமாக்கினார்கள் என்ற கதை தேதிப்படி தலைகீழ்.

அந்த அமெரிக்கப் பாட்டை எழுதியது லூயி லாம்பர்ட் என்று படித்தேன். (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அரியலூர்)

அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அதே அட்டையை இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். சொல்லும் இசையும் லூயி லாம்பர்ட். வட மாநிலங்களின் ஒன்றியத் தரைப்படைக்கும் கடற்படைக்கும் சமர்ப்பணம். அதோடு இன்னொரு வரி: இந்த இசையை முதலில் வாசித்தது கில்மோர் பேண்டு. லாம்பர்ட் என்று ஒருவர் இல்லை, பேண்டு மாஸ்டர் பாட்ரிக் கில்மோரின் புனைபெயர் அது. முகமூடி போட்டுக்கொண்டவர் சட்டையில் சொந்தப் பேரை விட்டுவைத்தார்.

கில்மோர் அயர்லாந்துக்காரர்தானே? சின்ன வயசில் ஊரில் கேட்ட மெட்டாக இருக்கலாமே? (தமிழாசிரியை, கும்பகோணம், மறுபடியும்)

விடமாட்டீர்கள் போலிருக்கிறது. வாழ்க! கில்மோர் 1829-ல் கால்வே மாவட்டத்து பாலிகாரில் பிறந்தவர், 1849-ல் பாஸ்டனுக்கு வந்தவர். ஆனால் மெட்டு எங்கே கிடைத்தது என்று 1883-ல் அவரே ஓர் இசைப் பத்திரிகையில் சொல்லிவிட்டார். போரின் ஆரம்ப நாட்களில் யாரோ முணுமுணுத்துக்கொண்டு போனது காதில் விழுந்ததாம். பிடித்துப்போய் எழுதி, அலங்கரித்து, பேர் வைத்தாராம். குழந்தை தன்னுடையது இல்லை, தத்து எடுத்தது என்று தகப்பனே சொன்ன பிறகு நாம் ஏன் பிரசவம் பார்க்க வேண்டும்?

முணுமுணுத்தவன் எந்தப் பாட்டை முணுமுணுத்தான்? (தேநீர்க்கடைக்காரர், தேனி)

'ஜானி, ஃபில் அப் த போல்.' 1863 ஜூலையில் நியூயார்க்கில் அச்சான குடிகாரப் பாட்டு. கிண்ணத்தை நிரப்பு என்று தலைப்பிலேயே ஆர்டர் போட்டுவிடுகிறது. முகாமில் சம்பளம் வராத சிப்பாய்கள் அதன்மேல் ஏற்றிப் பாடிய சொந்தச் சொற்களுக்குக் கணக்கில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். 1863-ல் ஜானி கையில் மதுக் கிண்ணம். 1867-ல் கெய்கனின் ஜானிக்குப் பிச்சைக் கிண்ணம்.

அதற்கும் முன்னால்? (அதே தேநீர்க்கடைக்காரர்)

ஸ்காட்லாந்து. ராபர்ட் பர்ன்ஸின் 'ஜான் ஆண்டர்சன், மை ஜோ' மெட்டில் இதே சாயல் இருக்கிறது. பர்ன்ஸ் 1790-ல் அதை முதிய தம்பதியின் அன்புப் பாட்டாகத் தந்தார். அவருக்கு முன்னால் அது படுக்கையறை சமாச்சாரம். அந்தப் பழைய சொற்களை இந்தப் பத்தியில் அச்சடித்தால் என் வேலை போய்விடும். படுக்கையறையில் கிளம்பி, சாராயக்கடையில் தங்கி, பட்டாளத்தில் சேர்ந்த மெட்டு. பெரும்பாலான சிப்பாய்களின் சரித்திரமும் இதுதான்.

கில்மோர் நல்ல இசைக்காரரா? விளம்பரப் பிரியரா? (நாதஸ்வரக் கலைஞர், மயிலாடுதுறை)

இரண்டும். 1869-ல் போர் முடிந்ததைக் கொண்டாட பாஸ்டனில் சமாதான விழா நடத்தினார். 1,000 வாத்தியக்காரர்கள், 10,000 பாடகர்கள். வெர்டியின் பட்டறைப் பாட்டுக்கு 100 தீயணைப்பு வீரர்களை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு சம்மட்டியோடு நிஜப் பட்டடைக்கல்லில் அடிக்கவைத்தார். தாளம் தவறினால் கட்டடமே தவறியிருக்கும். உங்கள் தவில்காரரிடம் இதைச் சொல்லாதீர்கள், அவரும் கேட்பார்.

என் மகன் பள்ளியில் எறும்பு ஊர்வலம் போகிற பாட்டுப் பாடுகிறான். அதே மெட்டு மாதிரி இருக்கிறதே? (இல்லத்தரசி, ஆவடி)

அதேதான். 'த ஆன்ட்ஸ் கோ மார்ச்சிங்.' நோவா கப்பலில் மிருகங்கள் ஜோடி ஜோடியாக ஏறுகிற பாட்டும் இந்த மெட்டில் உண்டு. எறும்பாவது எல்லாக் காலோடும் வீடு திரும்பட்டும்.

சினிமாவில் வந்திருக்கிறதா? (உதவி இயக்குநர், வளசரவாக்கம்)

1964-ல் ஸ்டான்லி குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்'. அணுகுண்டைச் சுமந்து பி-52 விமானம் பறக்கும்போதெல்லாம் பின்னணியில் இந்த மெட்டு. வீடு திரும்புகிற பாட்டை, திரும்ப வீடே இருக்காத போருக்கு வைத்தார் மனுஷர். 1995-ல் 'டை ஹார்ட்' மூன்றாம் படத்தில் தங்கக் கொள்ளைக்கும் இதுதான். கதை விவாதத்தில் இரண்டையும் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

எல்லாப் பட்டாளப் பாட்டும் இப்படி மர்மம்தானா? (மருந்துக்கடை உரிமையாளர், விருதுநகர்)

இல்லை. 'லிலி மார்லேன்' திறந்த புத்தகம். ஹான்ஸ் லைப் என்ற ஜெர்மன் சிப்பாய் 1915-ல் கவிதை எழுதினார். 1938-ல் நோர்பெர்ட் ஷுல்ட்சே மெட்டமைத்தார். 1939-ல் லாலே ஆண்டர்சன் பாடினார், சீந்துவார் இல்லை. 1941-ல் ஜெர்மன் ராணுவத்தின் பெல்கிரேட் வானொலி போட்டதும், வட ஆப்பிரிக்க மணலில் எதிரெதிர்ப் பதுங்குகுழியில் கிடந்த இரண்டு பட்டாளமும் ராத்திரியில் அதே பாட்டுக்குக் காது கொடுத்தன. தகப்பன் பேர் தெரிந்தும் நாட்டுப்பாட்டு ஆனது அது.

'யாங்கி டூடுல்'? (பொறியாளர், ஓசூர்)

அது நேர் எதிர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இசைப்பிரிவுத் தலைவர் ஆஸ்கார் சோனெக் 1909-ல் அதன் பிறப்புக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து உடைத்து ஓர் அறிக்கையே எழுதினார். கதைகள் செத்தன. பாட்டு சாகவில்லை.

பிறந்தநாள் விழாவில் 'ஹி இஸ் எ ஜாலி குட் ஃபெலோ' பாடுகிறோம். அதற்கும் பூர்வீகம் உண்டா? (மென்பொருள் ஊழியர், சோழிங்கநல்லூர்)

உண்டு. அது ஒரு ராணுவ இழவுப் பாட்டின் மெட்டு! 1709 மால்ப்ளாக்கே போரில் ஆங்கிலத் தளபதி மார்ல்பரோ செத்தார் என்று பிரெஞ்சுக்காரர்கள் மத்தியில் வதந்தி. சாகவில்லை, 1722 வரை இருந்தார். ஆனால் 'மால்ப்ரூ' பாட்டு கிளம்பிவிட்டது. 1780-களில் மேரி அந்துவானெத்தின் குழந்தைக்குப் பாலூட்டிய தாதி அதைத் தாலாட்டாகப் பாடப்போய், அரண்மனை முழுக்கப் பற்றிக்கொண்டது. 1813-ல் வெலிங்டன் வெற்றியைக் கொண்டாடி எழுதிய இசையில் பீத்தோவன் அதைப் பிரெஞ்சுப் படைக்கே அடையாளமாக வைத்தார். அடுத்த முறை கேக் வெட்டும்போது ஞாபகம் வரும்.

என் தாத்தா பர்மா முனையில் இருந்தவர். 93 வயதில் இறந்த பெரியப்பா, தாத்தாவின் பட்டாளப் பாட்டு ஒன்றைப் பாடியது என் போனில் பதிவாகியிருக்கிறது. பாதி சொல் புரியவில்லை. எங்கே தொடங்குவது? (பெட்ரோல் பங்க் மேலாளர், தருமபுரி)

முதல் வேலை, அந்தப் பதிவை இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். இந்தப் பத்தியைப் படித்து முடிக்கக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது, புரியாத சொல்லைத் திருத்தாதீர்கள். காதில் விழுந்தபடியே எழுதுங்கள். 'சல்லூன்' என்பதை யாராவது புத்திசாலி நல்ல ஆங்கிலமாகத் திருத்தியிருந்தால் ஜானி இலங்கைக்குப் போனதே தெரியாமல் போயிருக்கும். உளறல் மாதிரி இருக்கிற சொல்லில்தான் ஊர்ப்பேரோ, துப்பாக்கிப் பேரோ, யாரோ ஒரு சுபேதார் பேரோ ஒளிந்திருக்கும்.

பிறகு தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தேடுங்கள். படைப்பிரிவு, சேர்ந்த வருஷம், இருந்த முகாம் மூன்றும் அதில் கிடைக்கும். அதே படைப்பிரிவுக்காரர் குடும்பம் இன்னொன்று சிக்கினால், பாட்டை நீங்கள் பாடிக்காட்டாதீர்கள். அவர்களைப் பாடச் சொல்லுங்கள். இரண்டும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று பாருங்கள். விலகுகிற இடத்தில்தான் வரலாறு இருக்கும்.

எழுதியவர் மேனேஜர், எழுதியது காசுக்கு, பாடியது சிரிக்க. இது தெரிந்த பிறகு பாட்டு எனக்குச் சின்னதாகிவிட்டது, சார். (சட்டக் கல்லூரி மாணவர், கோவை)

எனக்கு வளர்ந்துவிட்டது. அடையாளம் தெரியாத 'மக்கள்' எழுதினால் மதிப்பு, சம்பளத்துக்கு ஒருவன் எழுதினால் மதிப்பில்லை என்பது எந்த ஊர் நியாயம்? போல்டனில் கணக்கு எழுதி, டிக்கெட் பார்த்து, அடுத்த வாரத்துக்குப் பாட்டும் எழுதிய கெய்கனும் மக்களில் ஒருவர்தான்.

எங்கள் சேர்ந்திசைக் குழு இதைப் பாடப்போகிறது. நிகழ்ச்சித் தாளில் 'ஐரிஷ் மரபுப் பாடல்' என்று போடலாமா? (இசை ஆசிரியை, வேப்பேரி)

கூடாது. சொற்கள்: ஜோசப் கெய்கன், 1867. மெட்டு: 'வென் ஜானி கம்ஸ் மார்ச்சிங் ஹோம்', பாட்ரிக் கில்மோர் 1863-ல் அச்சில் தந்தது. கடைசிச் சரணம்: 20-ஆம் நூற்றாண்டு. மூன்று வரிதான் ஆகிறது. இடம் போதாவிட்டால், நன்கொடையாளர் பட்டியலில் எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள்.